புள்ளித்திரள் பொருந்தாமை (டொராண்டோ)

புள்ளித்திரள் பொருந்தாமை என்பது, ஒரே நிலப்பரப்பை லைடார் அல்லது ட்ரோன் கொண்டு வெவ்வேறு முறை அளந்து பெற்ற, புவி ஆயத்தொலைவுள்ள முப்பரிமாணப் புள்ளித்திரள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாத நிலை. கிடைவிலகல், உயரவிலகல், சாய்வு போன்ற வடிவங்களில் இது தோன்றும்.

கருவியைச் சந்தேகிக்கும் முன் டேட்டத்தை, அதாவது ஆயங்களை அளப்பதற்கான அடிப்படைச் சட்டகத்தை, சரிபார்ப்பதே முறை. டொராண்டோ மாநகரின் பழைய வரைபடத் தரவுகள் 1927ஆம் ஆண்டின் வட அமெரிக்க டேட்டத்தில், எம்டிஎம் எனும் வரைபட வீழலின் 10ஆம் மண்டலத்தில் அமைந்தவை. இப்பகுதிக்கான ஒன்டாரியோ மாகாண லைடார் தரவுகள் 1983 டேட்டத்தின் கனடிய வடிவத்தில், யுடிஎம் எனும் வரைபட வீழலின் 17ஆம் மண்டலத்தில் உள்ளவை. திருத்தாத ஜிபிஎஸ் ஆயங்கள் இந்த 1983 டேட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விலகும்.

டொராண்டோவில் விலகலின் அளவே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு திரள் மற்றொன்றுக்குக் கீழே சுமார் 36 மீட்டர் தாழ்ந்திருந்தால், அதில் கடல்மட்ட உயரத்துக்குப் பதில் நீள்வட்டக்கோள உயரம் பதிவாகியுள்ளது. சுமார் 40 செ.மீ. வேறுபாடு, 1928, 2013 ஆகிய இரு கனடிய உயர டேட்டங்கள் கலந்ததைக் குறிக்கும்.

டேட்ட மாற்றத்துக்குப் பின் எஞ்சும் சிறு விலகலை, இரு திரள்களின் அருகருகான புள்ளிகளைத் திரும்பத் திரும்ப இணைத்துப் பொருத்தும், 1992இல் பெஸ்ல், மக்கே வெளியிட்ட ஐசிபி முறையால் நீக்கலாம். ஸ்கார்பரோ பிளஃப்ஸ் எனும் செங்குத்து மண்பாறைகளில் இதற்குத் தனிக் கவனம் தேவை. அவை தொடர்ந்து அரிக்கப்படுவதால், திரள் முழுவதையும் ஐசிபிக்குக் கொடுத்தால் உண்மையான அரிப்பின் ஒரு பகுதி பிழையாகக் கருதப்பட்டு மறைந்துவிடும். சாலை, தட்டைக் கூரை போன்ற மாறாப் பரப்புகளை மட்டும் கொண்டு பொருத்தி, அப்பொருத்தத்தில் கிடைத்த உருமாற்றத்தையே முழுத் திரளுக்கும் செலுத்த வேண்டும்.