பட்டியல்ல விடுபட்ட குடும்பம்

இந்த எபிசோடு சுனாமியைப் பத்தினது. ஆனா அலையைப் பத்திப் பேசப் போறதில்லை. அலை திரும்பிப் போனதுக்கு அப்புறம் எழுதுன பட்டியலைப் பத்தித்தான் பேசப் போறோம்.

முதல்ல மேப்பைப் பார்த்துடலாம். காரைக்கால் 1739ல பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போன ஊர். 1954ல இந்திய நிர்வாகத்துக்கு வந்துச்சு. அதனாலதான் சுத்தியும் தமிழ்நாடு, நடுவுல புதுச்சேரி அரசு. ஆனா கடற்கரையில இந்த எல்லை பெருசாத் தெரியாது. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, அக்கம்பேட்டையில இருக்கிறவங்களுக்கு நாகப்பட்டினம் பக்கத்துலயும் சொந்தபந்தம் உண்டு. ரெண்டு பக்கமும் மீனவ கிராமத்தை நடத்துறது ஊர்ப் பஞ்சாயத்துதான்.

2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்துல 6,000க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல கிட்டத்தட்ட 600 பேர், அதுல பெரும்பாலானவங்க காரைக்கால்காரங்க.

சில நாள்லயே லாரி லாரியா நிவாரணம் வந்துச்சு. யாருக்குக் கொடுக்கிறது? வந்தவங்க ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்டாங்க. பஞ்சாயத்துகிட்ட ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்துச்சு: வரிக் கணக்கு. ஊர்ச் செலவுக்கு வரி கட்டுற ஆம்பளைதான் அதுல ஒரு தலைக்கட்டு. வலை இழுக்கிற தொழிலுக்கும், திருவிழாவுக்கும், சண்டை தீர்க்கிறதுக்கும் தலைமுறை தலைமுறையா வேலை செஞ்ச கணக்கு அது. அதை வச்சு பல ஊர்ல சண்டை சச்சரவு இல்லாம பொருளைச் சமமாப் பிரிச்சாங்க. அதைக் குறைச்சுச் சொல்ல முடியாது.

ஆனா அந்தக் கணக்குல விதவைக்கு என்ன இடம்? சில ஊர்ல பாதிப் பங்கு, சில ஊர்ல பங்கே கிடையாது. புருஷன் விட்டுட்டுப் போனவங்க கதையும் அதேதான். கட்டுமரம், வலை, எஞ்சின் போனா அது இழப்புன்னு பதிவாச்சு. கூடை தூக்கி மீன் வித்த பெண்ணோட பாத்திரம், கைமுதல், கடனுக்கு மீன் கொடுத்த பாக்கி எல்லாம் போனது யார் கணக்குலயும் சுலபத்துல ஏறல. பஞ்சாயத்துக் கூட்டத்துல பெண்களுக்கு இடமில்லாததால, அங்கேயே எழுந்து "என் பேர் விட்டுப்போச்சு"ன்னு சொல்லவும் வழியில்லை.

டேட்டாபேஸ் டிசைன் பண்றவங்களுக்கு இது உடனே புரியும். 'குடும்பம் = ஒரு ஆண்'னு முதல்ல எழுதிட்டா, அப்புறம் எவ்வளவு நல்ல மனசோட டேட்டா என்ட்ரி பண்ணாலும் அந்த அம்மாவுக்கு அதுல ஒரு வரிசை கிடையாது.

நாகையிலயும் காரைக்கால்லயும் மீனவப் பெண்கள் சங்கமாத் திரண்டாங்க. ஸ்நேகா மாதிரி அமைப்புகள் சுனாமிக்கு முன்னாடியிருந்தே இதுக்காக வேலை செஞ்சிட்டிருந்தது. தனியா வாழுற பெண்ணும் ஒரு குடும்பம், மீன் விக்கிறதும் மீன்பிடித் தொழில்தான்: இந்த ரெண்டும் நிவாரணப் பேச்சுக்குள்ள வந்துச்சு. 2005 மார்ச் 30ல தமிழ்நாடு அரசு போட்ட வீட்டு ஆணை (எண் 172), புது வீடு கணவன், மனைவி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கணும்னு சொன்னுச்சு. ஒரு ஆண் பேரை மட்டும் எழுதுற பழக்கத்துல இருந்து அது பெரிய மாற்றம்.

அடுத்த வருஷமே, 2006 டிசம்பர்ல, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை வந்துச்சு. அவங்களைப் பத்தின முடிவுகள்ல அவங்களையே கலந்து பேசணும்னு அது அரசுகளைக் கட்டாயப்படுத்துது. நம்ம கடற்கரைக்கும் அது பொருந்தும். ஆனா எப்பக் கேக்கிறோம்ங்கிறதுலதான் விஷயம் இருக்கு. திட்டம் முடிஞ்சப்புறம் "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா, பட்டியல்ல இருந்தவங்க மட்டும்தான் பதில் சொல்லுவாங்க. எந்த வீட்டுல யார் விட்டுப்போனாங்கன்னு பக்கத்து வீட்டு விதவைக்குத் தெரியும். அவங்க உக்கார வேண்டியது பட்டியல் எழுதுற மேஜையில.

2023ல தமிழ்நாட்டுலயும் புதுச்சேரியிலயும் குடும்பத் தலைவிகளுக்கு மாசம் 1,000 ரூபாய் திட்டம் வந்துச்சு. இருபது வருஷத்துக்குள்ள 'தலைவி'ங்கிற வார்த்தை படிவத்துக்குள்ள வந்துடுச்சு, சந்தோஷம். ஆனா அந்தத் தலைவி யாருன்னு தீர்மானிக்கிற நிபந்தனைகளை எழுதும்போது, விட்டுப்போன அனுபவம் உள்ள எத்தனை பேர் அந்த அறையில இருக்காங்க? அடுத்த தடவை ஒரு விண்ணப்பத்தை நிரப்பும்போது இந்தக் கேள்வியை யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.