குடும்பப்பெயர் என்னும் கட்டம்: கணினிப் படிவங்களும் தமிழர் பெயர்களும்

மனிதர்களைப் பற்றிய விவரங்களை இயந்திரம் படிக்கத்தக்க தனித்தனிக் கட்டங்களாகப் பிரிக்கும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் உருவாக்கிய துளையட்டை முறையில், ஒருவருடைய பாலினமும் வயதும் பிறந்த இடமும் அட்டையில் குறித்த இடங்களில் இடப்பட்ட துளைகளாயின. 1928இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த 80 நெடுவரிசை அட்டையில் ஓர் எழுத்துக்கு ஒரு நெடுவரிசை தேவைப்பட்டதால், பெயருக்கு ஒதுக்கப்பட்ட ஒவ்வோர் இடமும் வேறொரு விவரத்துக்கு உரிய இடத்தைக் குறைத்தது. 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டுத் தரமும் 128 இடங்களே கொண்டு, ஆங்கிலத்துக்குப் போதுமானதாக மட்டும் அமைந்தது.

இந்தச் சிக்கனத்தோடு ஒரு சமூக வழக்கமும் கணினிக்குள் நுழைந்தது. ஒருவருக்கு இடப்பட்ட பெயர் முன்னும், தலைமுறைதோறும் மாறாமல் வரும் குடும்பப்பெயர் பின்னும் அமைவது மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பான்மை வழக்கமாதலால், அங்கு உருவான தரவுத்தளங்கள் பெயரை முதற்பெயர், கடைசிப்பெயர் என இரு கட்டங்களாகப் பிரித்து, இரண்டையும் கட்டாயமாக்கின. சேமிப்பிடம் மலிந்து அட்டைகள் மறைந்த பிறகும் அந்த இரு கட்டங்கள் மட்டும் மறையவில்லை.

தமிழர் பெயரமைப்பு இதிலிருந்து வேறுபட்டது. உ. வே. சாமிநாதையர் என்னும் பெயரில் முதல் எழுத்து உத்தமதானபுரம் என்ற ஊரையும், அடுத்த எழுத்து வேங்கடசுப்பையர் என்ற தந்தையையும் குறிக்கின்றன. ஐயர் என்னும் சாதிப் பட்டம் தவிர, தலைமுறை கடந்து நிலைக்கும் குடும்பப்பெயர் எதுவும் அதில் இல்லை. பெயருக்குப் பின் வந்த சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானித்ததும், அதைத் தொடர்ந்து பல தலைமுறைகள் அவ்வாறே வாழ்ந்து காட்டியதும், தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே கொண்ட இன்றைய வழக்கத்தை உறுதிப்படுத்தின. ஆகவே தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் இல்லாமை ஒரு குறைபாடன்று. பெரும்பாலும் அது சாதி அடையாளத்தைத் துறந்ததன் விளைவு.

இவ்விரு மரபுகளும் மோதிக்கொண்ட இடங்களுள் கடவுச்சீட்டு முக்கியமானது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980இல் முதன்முதலாக வெளியிட்ட, இயந்திரம் படிக்கும் பயண ஆவணங்களுக்கான விதிகளின்படி, கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தின் அடியில் 44 இடங்கள் கொண்ட இரண்டு வரிகள் அமைகின்றன. முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் 5 இடங்கள் போக, எஞ்சிய 39 இடங்களில் குடும்பப்பெயருக்கான முதன்மை அடையாளமும், இரண்டு நிரப்புக் குறிகளும், இடுபெயருக்கான துணை அடையாளமும் வரிசையாக வருகின்றன. ஒரே பெயர் உடையவருக்கு அப்பெயரை முதன்மை அடையாளமாக எழுதி, மீதி இடங்களை நிரப்புக் குறிகளால் நிறைத்துவிடுவதையும் அதே விதிகள் அனுமதிக்கின்றன. விதி இவ்வாறு இடம் விட்டிருக்க, அதன்மேல் கட்டப்பட்ட விசா மென்பொருள்களும் பயணச்சீட்டு மென்பொருள்களுமே இரண்டாம் கட்டத்தைக் கட்டாயமாக்கின. இடுபெயர்க் கட்டம் காலியாக உள்ள கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து இடப்படுவதும், ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட பயணிகளுக்கு வருகை விசாவில் அனுமதியில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததும் இதன் தொடர்ச்சியே.

கட்டத்தை நிரப்பியாக வேண்டிய தமிழர்கள் பெரும்பாலும் தந்தையின் பெயரையே அதில் எழுதினர். முருகனின் மகள் கயல்விழி ஓர் ஆவணத்தில் மு. கயல்விழி எனவும், இன்னொன்றில் கயல்விழி மு. எனவும், வேறொன்றில் கயல்விழி முருகன் எனவும் பதிவானால், எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அவர் மூன்று வெவ்வேறு ஆட்களாகிவிடுகிறார். வெளிநாட்டிலிருந்து அவருக்கு வரும் கடிதம் அவரைத் தந்தையின் பெயரால் விளிக்கிறது. தாத்தாவின் பெயர் தந்தைக்கும், தந்தையின் பெயர் மகளுக்கும், கணவரின் பெயர் மனைவிக்கும் குடும்பப்பெயராக நிற்பதால், குடும்பத்தை ஒன்றாகக் காட்ட வேண்டிய கட்டமே அதைப் பிரித்துக் காட்டுகிறது.

பாலினக் கட்டத்தின் வரலாறும் இதையொத்தது. ஆண், பெண் என்ற இரண்டே விடைகளோடு வடிவமைக்கப்பட்ட படிவங்களில் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் இடமில்லாதிருந்தது. தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரலில் அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2009இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் மூன்றாவது விடைக்கு வழிவகுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவ்வகையில் 4,87,803 பேரைப் பதிவுசெய்தது. தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உறுதிசெய்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஃபேஸ்புக் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலின விடைகளை அமெரிக்கப் பயனர்களுக்கு அளித்தது. இந்தக் கட்டத்தை விரிவாக்கியது தொழில்நுட்ப வளர்ச்சியன்று. அதற்கு வெளியே நின்றவர்களின் நெடிய போராட்டமே.

மாற்று வழிகள் இன்று தெளிவாகவே உள்ளன. 1991இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றமையால், பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் வாங்கவேண்டிய தேவை மறைந்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உலக நாடுகளின் பெயர் வழக்கங்களை விளக்கும் வழிகாட்டியில், இயன்றவரை முழுப்பெயரை ஒரே கட்டத்தில் கேட்பதையும், எவ்வாறு அழைக்கப்பட விரும்புகிறார் எனத் தனியே கேட்பதையும் பரிந்துரைத்தது. ஆதார் பதிவு பெயருக்கு ஒரே கட்டத்தையே வைத்தது. பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் போதும் என்ற இந்தியக் கடவுச்சீட்டு விதி 2016 டிசம்பரில் வந்தது.

படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. எடுத்த முடிவை மாற்றவும் முடியும். ஆகவே ஒரு விவரம் எதற்குத் தேவை என முதலில் கேட்பதும், தேவையற்றதை நீக்குவதும், தேவையானதை மனிதர் தாமே சொல்லும் வடிவில் ஏற்பதும், பின்னாளில் திருத்த வழிவிடுவதும் மென்பொருள் வடிவமைப்போரின் கடமை. படிவத்துக்கு ஏற்ப மனிதர் பெயரை மாற்றிக்கொண்ட காலம் போதும். இனி மனிதருக்கு ஏற்பப் படிவம் மாறவேண்டும்.