எல்லைக் கோடும் கல்லூரி வாயிலும்

பாறசாலையினின்று இஞ்சிவிளையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை. இடையே மலையில்லை, பேராறும் இல்லை. ஆயினும் இப்புறத்துப் பிள்ளை கல்லூரி வாயிலை அடையும் வழி வேறு. அப்புறத்துப் பிள்ளையின் வழி வேறு. இவ்வேற்றுமை எங்ஙனம் நேர்ந்தது என்பதை நம் காலனிப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

ஒரு காலத்தில் வாயில் ஒன்றாகவே இருந்தது. 1857இல் இலண்டன் பல்கலைக் கழகத்தை மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக் கழகம் நிறுவப்பெற்றது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வே தென்னாட்டார்க்கு உயர்கல்வியின் திறவுகோலாயிற்று. திருவிதாங்கூர் தனி அரசேயாயினும், திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரி 1866 முதல் சென்னையோடு இணைந்தே இயங்கியது. ‘மனோன்மணீயம்’ இயற்றிய சுந்தரம் பிள்ளை அங்கே பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியராய் விளங்கியவர்.

தேர்வுத்தாள் சாதியறியாது, சேர்த்துக்கொள்வோர் அறிவர். 1884ஆம் ஆண்டையொட்டித் திருவனந்தபுரத்துப் பேட்டையைச் சேர்ந்த பல்பு என்னும் இளைஞர் மருத்துவக் கல்விக்குரிய தேர்வில் தேறியும், ஈழவர் என்ற காரணத்தால் விலக்கப்பட்டார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து மருத்துவரானார். பட்டம் பெற்ற பின்னும் சொந்த நாடு அவருக்கு வேலை தரவில்லை. மைசூர் அரசே தந்தது.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டு ஹார்வர்டில் யூத மாணாக்கர் தொகை பெருகுவது கண்டு, 1920களில் மதிப்பெண்ணோடு ‘குணநல’மும் பார்க்கத் தலைப்பட்டனர். கேட்பதற்கு இனிய சொல். செய்த வேலையோ வேறு. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் வந்த ‘தரப்படுத்தல்’ முறையால், தமிழில் தேர்வெழுதியோர் சிங்களத்தில் எழுதியோரினும் மிகுந்த மதிப்பெண் பெற வேண்டியவராயினர். அதன் விளைவை உலகம் அறியும்.

நிற்க. 1937இல் திருவிதாங்கூருக்கெனத் தனிப் பல்கலைக் கழகம் தோன்றியது. அப்பொழுதும் நாகர்கோயிற் பிள்ளையும் நெய்யாற்றின்கரைப் பிள்ளையும் ஒரே நாட்டினர். ஒரே வாயிலை நாடினர். பிரிவினை வந்தது 1956 நவம்பர் 1ஆம் நாள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு நெய்யாற்றின்கரையையும் கேட்டது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் இசையவில்லை. அண்ணன் வீடு விளவங்கோட்டிலும் தம்பி வீடு பாறசாலையிலுமாகக் குடும்பங்கள் நின்றன.

அதன் பின்னர் வழிகள் விலகிக்கொண்டே போயின. தமிழ்நாடு 1978இல் மேல்நிலை வகுப்புகளைப் பள்ளியிலேயே அமைத்தது. கேரளத்திலோ ஏறத்தாழ 2000 வரை அவ்விரண்டாண்டுப் படிப்பு, ‘பிரீ டிகிரி’ என்னும் பெயரோடு கல்லூரிகளிலும் நடந்து வந்தது. ஒரே வயதினரான பெரியப்பா மகன் பள்ளிச் சீருடையிலும் சித்தப்பா மகன் கல்லூரி மாணவனாய் வண்ணச் சட்டையிலும் திரிந்த காலம் அது! பத்தாம் வகுப்போடு புகைவண்டி அலுவலகத்து எழுத்தர் வேலைக்கு வந்த எனக்கு அவ்விரண்டும் வாய்க்கவில்லை.

பொறியியற் கல்விக்குத் தமிழ்நாடு 1980களின் நடுவிற் கொணர்ந்த நுழைவுத் தேர்வை 2007இல் நீக்கியது. அது முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே அளவுகோல். கேரளமோ 2011 முதல் நுழைவுத் தேர்வுக்குப் பாதி, பள்ளி மதிப்பெண்ணுக்குப் பாதி என வகுத்தது. பள்ளிப் பாடத்தை நாள்தோறும் பொறுமையாய்ப் பயிலும் பிள்ளைக்கு முன்னது ஏற்றது. சில மணி நேரத்தில் விரைந்து விடை காண்பவனுக்குப் பின்னது உதவும். மருத்துவத்திற்கு இரு மாநிலத்தார்க்கும் இன்று ‘நீட்’ ஒன்றே. எனினும், அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்குத் தமிழ்நாடு 2020இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. அப்புறத்துப் பெரியப்பா மகனுக்கு அது பயன்படும். இப்புறத்துப் பள்ளியிற் படித்த நம் பிள்ளைக்கு அன்று.

வீட்டிற் பேசும் மொழி தமிழ் என்பதால் மட்டும் களியக்காவிளைக்கு அப்பால் மாநில ஒதுக்கீட்டு இடம் கிடைத்துவிடாது. அங்கே பிறப்பிடச் சான்று கேட்கின்றனர். இங்கே கேரளத்தவர் என்பதற்குச் சான்று. பணிமாற்றலால் ஊர் ஊராய்ப் பெயரும் நம்மனோர் பிள்ளையின் பள்ளிச் சான்றுகளைப் பத்தாம் வகுப்பு முடியுமுன்னரே தொகுத்து வைப்பின், விண்ணப்ப நாளில் கிராம அலுவலகத்திற்கும் தாலுகா அலுவலகத்திற்கும் அலைய நேராது.