சாம்பிராணி வந்த வழி

வெள்ளி இரவு மகரிபுக்குப் பின் வீட்டில் சாம்பிராணி போடுவது, நம் பாட்டன்மார் கப்பலேறியபோது ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம் என்று செலாயாங்கில் நம் குடும்பங்களில் சொல்வதுண்டு. வழக்கம் அங்கிருந்து வந்தது சரி. சாம்பிராணி இந்தப் பக்கத்துச் சரக்கு.

கிள்ளான் கடற்கரைக்கு எதிரே, மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்திரா. அங்கே தோபா ஏரியைச் சுற்றியுள்ள மலைக்காடுகளில் வளரும் மரத்தின் பிசின் இது. பட்டையைக் கீறிவிட்டுச் சில மாதம் காத்திருந்தால் பால் கசிந்து கட்டியாகும். அதைச் சுரண்டி எடுப்பார்கள். நம் மளிகைக் கடைகளில் கெமெஞான் என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள்.

சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் துறைமுகம் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போனது. அதன் அருகே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டினது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கூட்டத்தார் வைத்தது. தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் ஆள் எடுத்த காலத்தில்தான் தமிழர் இங்கே வந்தார்கள் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டைச் சொல்லிவையுங்கள்.

அரபிகள் சுமத்திராவை ஜாவா என்றழைத்தனர். ஆகவே இந்தப் பிசின் அவர்களுக்கு 'லுபான் ஜாவி' ஆயிற்று. மதுரை சுல்தான்களின் அவைக்கு வந்துபோன இப்னு பதூதா, அதன்பின், 1345 வாக்கில் சுமத்திராவின் சமுத்ரா நகருக்கு வந்து இந்த மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். லுபான் ஜாவி ஐரோப்பியர் வாயில் தலை இழந்து பென்சாயின் ஆனது. பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் பென்சீன் என்ற பெயரும் அதிலிருந்து பிறந்ததுதான்!

வீட்டுப் பயன் நாம் அறிந்ததே. சிரட்டைக்கரித் தணலில் பொடியைத் தூவி, முதலில் வாசல், பிறகு அறைகள். குளிப்பாட்டிய பிள்ளைக்கும், தலைக்குக் குளித்த பிள்ளைபெற்றவளின் கூந்தலுக்கும் புகை காட்டுவார்கள். கொசுவுக்கென்றால் வேப்பிலையும் நொச்சியும் சேரும். மவ்லிது ஓதும் இடத்தில் சட்டி நடுவில் இருக்கும். தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் மயிற்பீலி விசிறியோடு கடை கடையாகப் புகை போடும் சாம்பிராணி பாய்க்கு எல்லா மதத்தாரும் காசு கொடுப்பார்கள்.

இப்போது சில வீடுகளில் இதனால் மனத்தாங்கல். கெமெஞான் என்றாலே போமோவின் வேலை என்று இளையவர்கள் ஒதுக்குகிறார்கள், பெரியவர்கள் வருந்துகிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அகிலைத் தனியாகவும் கற்பூரம் சேர்த்தும் புகைத்து, நபி (ஸல்) அவர்களும் அவ்வாறே செய்ததாகச் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆக, நறுமணப் புகையில் குற்றமில்லை. புகை ஜின்னை விரட்டும், பரக்கத்தைக் கொண்டுவரும் என்று அதன்மேல் நம்பிக்கை வைப்பதுதான் வேறு விஷயம். இளையவர்கள் அஞ்சுவதும் அதற்கே. அதில் நியாயம் உண்டு.

அடுக்குமாடி வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் சட்டியை ஐந்தடியில் வைப்பதே நல்லது. புகை எதுவானாலும் நெஞ்சுக்குப் புகைதான். கப் சாம்பிராணியில் பெரும்பகுதி கரித்தூளும் மரத்தூளும் என்பதையும் வாங்கும்போது நினைவில் வைக்கலாம்.

பாட்டி வைத்திருந்த பித்தளைத் தூபக்கால் இன்னும் எவர் வீட்டிலாவது இருந்தால், அது எந்த ஊரில் வாங்கியது, யார் கொண்டுவந்தது என்று ஒரு தாளில் எழுதி அதனுள்ளேயே வைத்துவிடுங்கள்.