சாண்டிநல்லாவில் விழுந்த தூள்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இருக்கிறது சாண்டிநல்லா. செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம், காமராஜ் சாகர் அணை என்றால் சுற்றுலா போனவர்களுக்கு நினைவு வரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவே, கால் வைத்தால் அமுங்கும் கறுப்புச் சேற்று நிலம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பக்கத்து மேட்டில் பூத்திருந்த ஏதோ ஒரு புல்லிலிருந்து காற்று கிளப்பிய மகரந்தத் துகள் அந்தச் சேற்றில் வந்து விழுந்தது. ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும். பூவைச் சேராமல் போனதால், புல்லின் கணக்கில் அது வீண். நமக்குத்தான் லாபம்.

அப்போது பனியுகம் உச்சத்தில் இருந்தது. வட ஐரோப்பா பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. கடல்நீர் பனியாகக் கட்டிக்கொண்டதால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்குத் தோணி தேவைப்பட்டிருக்காது. நீலகிரியில் பனிப்பாளம் எதுவும் இல்லை. ஆனால் குளிர் அதிகம், பருவமழை குறைவு. காற்றில் கார்பன் டை ஆக்சைடு இன்றைய அளவில் பாதிகூடக் கிடையாது.

விழுந்த துகள் எப்படி அழியாமல் இருந்தது? மகரந்தத்தின் வெளிச்சுவர் ஸ்போரோபொல்லெனின் என்ற பொருளால் ஆனது. இயற்கை உருவாக்கியவற்றில் இவ்வளவு கெட்டியான பொருள் அபூர்வம். அமிலம் அதைக் கரைக்காது. காற்றும் பூஞ்சையும் சேர்ந்தால்தான் அரிக்கும். சாண்டிநல்லாவில் காற்று புக வழியில்லை. வருஷம் முழுக்க நீர் தேங்கி நிற்கும் புளித்த சேறு. செத்த புல்லும் வேரும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்து பீட் மண்ணாக மாறின. சைபீரியாவில் இதே வேலையை உறைமண் செய்கிறது. அங்கே கொலிமா ஆற்றங்கரையில், 38 மீட்டர் ஆழத்தில், அணில் வளையில் சேமித்துவைத்த காய்கள் கிடைத்தன. வயது சுமார் 32,000 ஆண்டுகள். அவற்றின் திசுவிலிருந்து ரஷ்ய விஞ்ஞானிகள் செடி வளர்த்துப் பூக்கவைத்ததை 2012-இல் அறிவித்தார்கள்.

நான் இருக்கும் வேங்கிக்காலில் ஏரி இருக்கிறது. மலையடிவாரம்; மழைக்காலத்தில் விழும் மகரந்தத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் நம் பக்கத்து ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, மழை பொய்த்த வருஷங்களில் கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்பு வழியே காற்று இறங்கினால் துகளுக்கு ஆயுள் முடிந்தது. நனைந்து காய்ந்து நனையும் மண் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. தமிழ்நாட்டில் பனியுகத்துச் செடிகொடிகளைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் மலைக்கு ஏறுவதைத் தவிர வழியில்லை.

நம் துகளுக்கு மேலே பீட் வளர்ந்துகொண்டே போனது. மழை வலுத்த காலம், வறண்ட காலம், மனிதன் வந்த காலம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கடைசியில் பள்ளம் வெட்டி, அடுக்கு கலையாமல் மண்ணை எடுத்து, ஆழத்தைக் குறித்து, பையில் கட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடப்பது கொடுமை. முதலில் காரத்தில் கொதிக்கவைப்பார்கள். பிறகு, கண்ணாடியையே தின்னும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் போட்டு மணலைக் கரைப்பார்கள். அதற்கும் பிறகு, ஸ்வீடனின் எர்ட்மன் வகுத்த முறைப்படி, ஒன்பது பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு கந்தக அமிலமும் கலந்து சுடவைப்பார்கள். நாரும் சக்கையும் போய்விடும். மிஞ்சுவது பழுப்பு நிறத் தூள் மட்டும். அதில் ஒரு சொட்டு ஸ்லைடுக்குப் போகும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் தன் குலத்தைச் சொல்லும். நீலகிரியின் காட்டுப்பூவரசு, நான்கு துகள்கள் ஒட்டிய கொத்தாக வரும். புல்லின் மகரந்தம் வழுவழுப்பான உருண்டை; ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றி வளையம். ஆங்கிலேயர் கொண்டுவந்த வேட்டில் மரத்தினுடையது பதினாறு துகள்கள் சேர்ந்த வில்லை. அது தெரிந்தால் மேல் அடுக்கு, ஆங்கிலேயர் வந்த பிறகான காலம் என்று முடிவு கட்டலாம்.

பார்த்தவுடன் இன்னது என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிகள் வேண்டும். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அப்படியொரு மகரந்த ஸ்லைடுக் களஞ்சியத்தைச் சேர்த்துவைத்திருக்கிறது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் தணிகைமணி. பனைக் குடும்பத்தின் மகரந்தத்தை ஆராய்ந்தவர். உலகில் எந்தப் பூவின் மகரந்தத்தைப் பற்றி யார், எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று தேடித் தொகுத்து, தொகுதி தொகுதியாக வெளியிட்டவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவரும் இருந்தார். அதன் பணிப்பெண் நீரஜா பனோட்டின் பெயர் நமக்குத் தெரியும், திரைப்படமே வந்துவிட்டது. அதே விமானத்தில் செத்துப்போன தமிழ் விஞ்ஞானியின் பெயர் தாவரவியல் துறைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே நிறுவனத்தின் வசந்தி 1988-இல் சாண்டிநல்லா மண்ணின் மகரந்தக் கணக்கை வெளியிட்டார். அடியிலிருந்தே புல்தான் மேலோங்கியிருந்தது. ஆனால் புல் மகரந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. புல் காற்றை நம்பிப் பூப்பது. அதனால் மகரந்தத்தை அள்ளி வீசும். பூச்சியை நம்பும் செடி சிக்கனமாக விடும். கணக்கில் புல்லின் குரல்தான் ஓங்கிக் கேட்கும். சைபீரியக் கதையிலும் இதுவே நடந்தது. மாமூத் யானைகள் மேய்ந்த நிலம் முழுக்கப் புல் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 2014-இல் உறைமண்ணின் டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தபோது புல்லைவிடப் பூக்கும் சிறு செடிகள் மிகுதியாக இருந்தது தெரியவந்தது. இன்னொரு சிக்கல், எல்லாப் புல்லின் மகரந்தமும் ஒரே அச்சு. நம் துகளால் ‘நான் புல்’ என்று சொல்ல முடியும். எந்தப் புல் என்று சொல்ல முடியாது.

அந்தக் கேள்விக்கு விடை, துகளைச் சுற்றியிருந்த சேற்றிலேயே கிடந்தது. மரங்களும் நெல்லும் கார்பனைப் பிடிக்கும் விதம் ஒன்று. கரும்பு, கம்பு, வெப்பநிலப் புற்கள் பிடிக்கும் விதம் வேறு. இரண்டாம் வகையின் உடலில் கனமான கார்பன்-13 கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். செடி மட்கிக் கறுத்தாலும் அந்த விகிதம் மாறுவது சொற்பம். யானை ஆய்வாளர் ஆர்.சுகுமார் இந்த முறையை முதலில் யானையின் எலும்பில் பயன்படுத்தினார், அது புல்லைத் தின்றதா தழையைத் தின்றதா என்று அறிய. பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர்.ரமேஷ் முதலானவர்களுடன் நீலகிரி பீட் மண்ணுக்குப் போனார். 1993-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. பனியுக உச்சத்தில் வறட்சியைத் தாங்கும், குறைந்த கார்பன் டை ஆக்சைடில் பிழைக்கும் புற்களின் கை ஓங்கியிருந்தது. பனியுகம் முடிந்து பருவமழை வலுத்தபோது மரவகையின் பங்கு ஏறியது. 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்வரை மறுபடி வறட்சி. 1997-இல் இந்தப் பதிவை 40,000 ஆண்டுகள்வரை நீட்டினார்கள். குளிரை விரும்பும் சில புற்களும் மரம்போலவே கார்பனைப் பிடிக்கும் என்பதால் கார்பன் தனியாகச் சாட்சி சொன்னால் போதாது. மகரந்தமும் கூட நிற்க வேண்டும்.

இந்தச் சாட்சி எதற்கு என்று கேட்டால், ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நீலகிரிப் புல்வெளி, சோலைக்காட்டை மனிதன் எரித்ததால் வந்த வெற்று நிலம் என்றும், எருமை மேய்க்கும் தோடர்களே காரணம் என்றும் ஒரு கட்சி சொல்லிவந்தது. வெற்று நிலம் என்றால் மரம் நடலாம் அல்லவா? யூகலிப்டஸ், வேட்டில் எல்லாம் 1840-களிலேயே மலையேறின. விடுதலைக்குப் பிறகு வனத்துறையே பெருமளவில் நட்டது. வேட்டில் பட்டை தோல் பதனிட உதவியது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே புல் இருந்தது என்று நம் துகள் சொன்ன பிறகு அந்தக் கட்சிக்கு நிற்க இடமில்லை. தோடர்கள் தீயே வைக்கவில்லை என்பதல்ல. அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்தது. மரம் நட்டால் புண்ணியம் என்று பழகிப்போன நமக்கு, புல்லை விட்டுவைப்பதும் வனம் காப்பதுதான் என்பது இன்னமும் உறைக்கவில்லை.

2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டது. வேட்டிலை வெட்டுவது எளிது. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். அதனால் வெட்டுகிறவர்கள் ஆண்டுதோறும் திரும்பிப் போய் நாற்றைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. பிடுங்கிய இடத்தில் நட, புல்லை நாற்றங்காலில் வளர்க்க வேண்டியிருக்கிறது. இதற்கிடையே பள்ளத்தாக்குச் சேறுகளில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். நீர் வடிந்த பீட்டில் காற்று புகும். அங்கே இருக்கும் துகள்களை இனி யாரும் எண்ண முடியாது.