கொள்கலன் கொத்தணியில் கண்காணிப்பு முகவர்: நிறுவும் முன்னர் தெரிந்திருக்க வேண்டியவை

‘கண்காணிப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் வடக்கு கிழக்கில் வாழும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கணினி அல்ல. எனினும், போர்க்காலச் சாட்சியங்களையும் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய விபரங்களையும் காணி ஆவணங்களையும் சொந்த சேர்வர்களில் பாதுகாப்பவர்கள் அவற்றைக் கண்காணிக்காமல் இருக்க முடியாது. வன்தட்டு நிரம்பியதை எவரும் கவனிக்கவில்லை என்றால் ஆவணங்களே இல்லாமல் போகலாம். அதேவேளை, கண்காணிக்கும் மென்பொருளே தகவல் வெளியேறும் வாசலாகவும் மாறலாம்.

ஒரு செயலியையும் அது இயங்கத் தேவையானவற்றையும் ஒன்றாகப் பொதி செய்வதே கொள்கலன். பல கணினிகளை இணைத்து இக்கொள்கலன்களை இயக்கும் அமைப்பு கொத்தணி எனப்படும். இதற்குப் பரவலாகப் பயன்படும் குபர்நெட்டிஸை கூகுள் நிறுவனம் 2014இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. அதனைக் கண்காணிக்க, 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கிய ப்ரோமீதியஸைப் பயன்படுத்தலாம். இரண்டும் இலவசமானவை.

முதலாவது: பொதியை உள்ளே கொண்டுவருதல்

தனிப்பட்ட கொத்தணி பெரும்பாலும் இணையத்துடன் நேரடியாக இணைக்கப்பட்டிருக்காது. ஆகவே, இணைய வசதியுள்ள வேறொரு கணினியில் முகவரின் பொதியைத் தரவிறக்கி, பரிசோதித்து, சொந்தக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். பதிப்பு எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அதே எண்ணின் கீழ் வேறு பொதியை வைக்க முடியும். உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஷா-256 கைரேகையைக் குறிப்பிட்டு நிறுவுவதே பாதுகாப்பானது.

இரண்டாவது: உரிமைகளைக் குறைத்தல்

முகவருக்கெனத் தனியான பெயர்வெளியும் தனியான சேவைக் கணக்கும் உருவாக்குங்கள். வாசிக்கும் உரிமை மட்டும் போதும். இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ப்ரோமீதியஸுடன் வழமையாக நிறுவப்படும் குப்-ஸ்டேட்-மெட்ரிக்ஸ் என்ற துணைக் கருவியின் இயல்பான உரிமைப் பட்டியலில் ‘சீக்ரெட்ஸ்’ என்பதும் இருக்கும். கடவுச்சொற்கள் இருப்பது அங்கேதான். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் குபர்நெட்டிஸ் அவற்றை மறைகுறியாக்கம் செய்வதில்லை. அந்த உரிமையை நீக்கி, அது பற்றிய தரவுச் சேகரிப்பையும் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது: ஒவ்வொரு கணினியிலும் ஒன்று

நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற முகவரை ‘டீமன்செட்’ முறையில் நிறுவினால் ஒவ்வொரு கணினியிலும் ஒரு பிரதி தானாக இயங்கும். நினைவகம், வன்தட்டு, செயலகம் ஆகியவற்றின் அளவுகளை அது 9100ஆம் இலக்க வாயிலில் காட்டும். இயல்பு நிலையில் அதற்குக் கடவுச்சொல் கிடையாது. ஆகவே, ப்ரோமீதியஸ் தவிர்ந்த எவரும் அந்த வாயிலை அணுகாதபடி கணினிகளின் ஃபயர்வோலில் தடுக்க வேண்டும்.

நான்காவது: வெளியேறும் வழியை மூடுதல்

இம்முறையில் முகவர் எங்கும் தகவல் அனுப்புவதில்லை. ப்ரோமீதியஸ்தான் குறித்த இடைவெளியில் வந்து எடுத்துச் செல்கிறது. எனவே முகவர் இணையத்துக்கு வெளியே செல்ல வேண்டிய தேவையே இல்லை. எச்சரிக்கைச் செய்தி செல்லும் ஒரு வழியைத் தவிர ஏனைய அனைத்தையும் மூடிவிடலாம்.

ஐந்தாவது: சோதித்தல்

கொத்தணியில் உள்ள கணினிகளின் எண்ணிக்கையும் ப்ரோமீதியஸ் காட்டும் முகவர்களின் எண்ணிக்கையும் ஒன்றா எனப் பாருங்கள். பின்னர் ஒரு முகவரை வேண்டுமென்றே நிறுத்தி, எச்சரிக்கை வருகிறதா எனச் சோதியுங்கள். ப்ரோமீதியஸ் இயல்பாக 15 நாட்களின் தரவையே வைத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இவை அனைத்தும் எண்களைச் சேகரிப்பது பற்றியவை. பதிவுக் குறிப்புகளை (லொக்) வாசிக்கும் முகவர் வேறு வகை. அவற்றில் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் இணைய முகவரிகளும் இருக்கக்கூடும். சாட்சியம் வழங்கியவர்களின் விபரங்களை வைத்திருப்பவர்கள், அவற்றை மறைக்கும் ஏற்பாடு இல்லாமல் அத்தகைய முகவரை நிறுவக்கூடாது.

இது வீணான அச்சமல்ல. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஒரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்பில் தீங்கான நிரல் புகுத்தப்பட்டிருந்தமை 2020 டிசம்பரில் தெரியவந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதனைப் பெற்றிருந்தனர். அமெரிக்க அரசின் திணைக்களங்களும் பாதிக்கப்பட்டன. அவர்கள் நம்பி உள்ளே விட்ட காவலாளியின் ஊடாகவே அந்த ஊடுருவல் நடந்தது.

ஆகவே, எந்த முகவரை நிறுவும் முன்னரும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது எதைப் பார்க்கிறது? பார்த்ததை யாரிடம் கொடுக்கிறது? விடை தெரியாவிட்டால் நிறுவ வேண்டாம். எங்களை நம்பித் தமது கதையைச் சொன்னவர்களுக்கு நாங்கள் அந்தளவு பொறுப்புக் கூற வேண்டியவர்கள்.