கெமராவுக்குக் காது வந்த கதை

குருவிட்டவில் வாசலுக்குக் கெமரா பூட்டிய வீடுகளில் ஒரே குறையைத்தான் கேட்கிறேன்: ஆளின் முகம் நன்றாகத் தெரிகிறது, பேச்சுத்தான் விளங்கவில்லை. கேற்றடியில் நின்று ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். போனில் போட்டுப் பார்த்தால் தகரத்தில் விழும் மழைதான் கேட்கும். ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டும் பகுதி இது. மழை விட்ட இரவில் சில்வண்டு, பகலில் கொழும்பு - இரத்தினபுரி வீதியில் ஓடும் லொறிகள். கெமரா வாங்கும்போது படம் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆனால் வீட்டுக் காவல் கெமரா பிறந்தபோதே அதற்குக் காதும் இருந்தது, வாயும் இருந்தது.

நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் ஒரு தாதி. நேரங்கெட்ட நேரத்தில் வேலை. கணவர் அல்பேர்ட் மின்னணுத் தொழில்நுட்பம் தெரிந்தவர், அவருக்கும் அப்படித்தான். அழைத்தால் பொலிஸ் வந்துசேரத் தாமதமாகும். இரவில் தட்டுவது யார் என்பது கதவைத் திறக்காமலே தெரிய வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பெண்ணின் தேவை. 1966 ஆகஸ்டில் இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2ஆம் திகதி கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் பார்வைத் துளைகள், அவற்றுக்குப் பின்னால் ஏறி இறங்கும் கெமரா, படுக்கையறையில் ஒரு தொலைக்காட்சித் திரை. கூடவே இரு பக்கமும் பேசிக் கேட்கும் ஒலி ஏற்பாடு. யார், என்ன அலுவல் என்று விசாரித்து, மனம் ஒப்பினால் இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறந்துவிடலாம். ஆபத்தென்றால் ஒரு பொத்தானை அழுத்தி எச்சரிக்கை கொடுக்கலாம். தனியாக இருக்கும் ஒரு பெண் முகத்தைப் பார்த்து, குரலையும் கேட்ட பிறகு முடிவெடுப்பதற்கென்றே அமைந்தது அது. பேசுகிறவர் கதவண்டையில் நிற்பார் என்பதே அதன் அடிப்படை.

அந்தக் காதைச் சின்னதாகவும் மலிவாகவும் ஆக்கிய வேலை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நியூ ஜேர்சியில் நடந்திருந்தது. ஒரு மெல்லிய ஏடு, அதை ஒட்டி ஒரு தகடு, இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம். ஒலி பட்டு ஏடு அதிரும்போது மின்சைகை பிறக்கும். இப்படி ஓர் ஒலிவாங்கியை 1916இலேயே வென்ட் என்பவர் செய்துவிட்டார். ஒலி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மின்னழுத்தத்தை வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்னேற்றத்தைத் தானே பிடித்து வைத்திருக்கும் பொருளுக்கு ஹெவிசைட் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே ‘எலெக்ட்ரெட்’ என்று பெயர் வைத்திருந்தார். ஜப்பானின் எகுச்சி அதை மெழுகில் செய்தும் காட்டினார். மெழுகு ஈரக் காற்றில் தாக்குப்பிடிக்கவில்லை.

பிறகுதான் நியூ ஜேர்சியின் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இளைஞருக்குச் செவிப்புலன் பரிசோதனை ஒன்றுக்காக ஹெட்போன் செய்யும் வேலை வந்தது. 1931இல் வேர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். பௌதிகம் படித்த கறுப்பினத்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று வீட்டார் தடுத்தும் அதையே படித்தவர். அந்த ஹெட்போனில் பிளாஸ்ற்றிக் ஏடு ஒன்றுக்கு 500 வோல்ட் பற்றரி கொடுக்க வேண்டியிருந்தது. நாளாக நாளாக ஒலி மங்கியது. காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, பற்றரியைக் கழற்றிய பிறகும் அது வேலை செய்வதைக் கண்டார். மின்னேற்றம் ஏட்டுக்குள்ளேயே சிக்கித் தங்கியிருந்தது! பிழை என்று ஒதுக்கியிருக்க வேண்டிய ஒன்றை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி பொங்குகிறது. ஜேர்மனியிலிருந்து வந்திருந்த கேர்ஹார்ட் செஸ்லரோடு சேர்ந்து 1962இல் ஒலிவாங்கியைச் செய்தார். 1964 ஜனவரியில் காப்புரிமை வந்தது. மின்னேற்றத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றும் ஏடு எது என்று தேடி, டெஃப்லொனில் வந்து நின்றார்கள்.

இரண்டு கிழமை மழை விடாமல் பெய்தால் அலுமாரிக்குள் இருக்கும் தோல் சப்பாத்திலும் பூஞ்சணம் படரும் ஊர் இது. இங்கே வாசலில் தொங்கும் ஒலிவாங்கி உயிரோடிருக்கிறது என்றால், ஈரம் ஒட்டாத அந்த ஏட்டுக்கும் அதில் பங்கு உண்டு. பழுதான பழைய கெமரா ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். 6 மில்லிமீற்றர் அகலத்தில் ஓர் உலோகக் கிண்ணம், முகப்பில் ஒட்டிய கறுப்புத் துணி, பின்புறம் ஈயம் பற்றிய இரண்டு புள்ளிகள். அதன் எதிரே கெமராவின் உடம்பில் ஊசி நுழையுமளவு ஒரு துளை. துளை திறந்திருந்தால் தண்ணீர் போகும், அடைத்தால் ஒலி போகாது. அதற்கும் டெஃப்லொன் இனமே கைகொடுத்தது. 1969இல் பொப் கோர் என்பவர், சூடாக்கிய டெஃப்லொன் கம்பியை வெடுக்கென்று இழுத்தார். அறுந்துபோகும் என்று பார்த்தால், நுண்துளைகளோடு நீண்டுகொண்டு வந்தது. காற்றை விட்டு நீர்த்துளியை மறிக்கும் அந்தச் சவ்வை வெளியில் வைக்கும் நல்ல சாதனங்களின் துளைக்குள் ஒட்டுகிறார்கள்.

காது செத்துப்போகாமல் இருக்க வழி பிறந்தது. தெளிவாகக் கேட்க அது போதாது. தூரம் இருமடங்கானால் குரலின் அழுத்தம் பாதியாகும், அதாவது 6 டெசிபல் இழப்பு. கேற்று 8 மீற்றரில், கூரைத் தகரம் ஒலிவாங்கிக்கு அரை மீற்றரில் என்றால் மழைதானே வெல்லும்? யாரும் பேசாத நேரத்தில் கெமரா தானாகவே ஒலியைக் கூட்டிக்கொள்வதால் சில்வண்டும் பெரிதாகிறது. காற்று துளையின் விளிம்பில் சுழன்று அழுத்தம் கொடுக்கும்போது, ஒலியே இல்லாத இடத்தில் ‘புறுபுறு’ என்று கேட்கும். போதாததற்குப் பல கெமராக்கள் 1972இல் தொலைபேசிக்கென்று வகுத்த ஜி.711 முறையிலேயே ஒலியை அனுப்புகின்றன. அதில் 3400 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மை கழிந்துவிடுவதால் ‘ச’வும் ‘ஸ’வும் மழுங்கிப்போகும்.

ஆகவே நான் சொல்லக்கூடியது மேரி பிரவுண் செய்ததைத்தான்: காதைப் பேசுபவரிடம் கொண்டுபோங்கள். வெளி ஒலிவாங்கி பொருத்தும் வசதி உள்ள கெமரா என்றால், படம் உயரத்திலிருந்து எடுக்கட்டும். ஒலிவாங்கி கேற்றுத் தூணில், வாய் உயரத்தில், துளை கீழ்நோக்கி இருக்கட்டும். காற்றுக்குப் பஞ்சுறை, வெறும் காற்று என்றால் மயிருறை இன்னும் நல்லது, ஆனால் நனைந்து கனத்த மயிருறை ஒலியையே அமுக்கும் என்பதால் எங்கள் மழைக்கு ஓட்டின் கீழ்தான் அது சரிப்படும். தகரத்தின் அடியில் மட்டும் பூட்ட வேண்டாம். சிலந்தி நூலை மாதத்துக்கு ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

லயத்தில் ஒரே சுவருக்கு இரண்டு குடும்பம். அங்கே காதை எங்கே திருப்புகிறோம் என்பது மரியாதை சம்பந்தப்பட்ட விடயம். பக்கத்து அக்கா தன் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசுவது என் போனில் பதியக் கூடாது. கேற்றடிக்குக் கொண்டுபோனால் அந்தச் சிக்கலும் பெருமளவு குறையும். அதற்கு மேலும் கேட்டால், கெமராவின் ஒலியை நிறுத்திவைக்கும் வசதி எல்லா நல்ல சாதனத்திலும் உண்டு.

வேண்டிய ஒலியை மட்டும் கேட்கும் இதே சிக்கலோடுதான் வெஸ்டும் பின்னாளில் மல்லுக்கட்டினார். 2001இல் பெல்லிலிருந்து ஓய்வு பெற்ற அவர், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முனியா எல்ஹிலாலி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர் இறங்கிய வேலைகளில் ஒன்று, சந்தடி மிகுந்த கிளினிக்கில் குழந்தை வீரிட்டு அழும்போதும் அதன் நெஞ்சுச் சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து நியுமோனியாவை அறிய உதவும் ஸ்டெதஸ்கோப்.